தீனிப்பெட்டிக்குப் பூட்டு

"வெண்டல்! ஓடி வா, மறுபடியும் வந்துட்டா!"

ஜன்னலோர நாற்காலியிலிருந்து லொரைன் கத்தியதும், வெண்டல் பாதி சவரத்தோடு ஓடிவந்தார். மேப்பிள் மரத்தில் தொங்கிய பறவைத் தீனிப்பெட்டியில் சாம்பல் அணில் ஒன்று. பின்னங்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியபடி சூரியகாந்தி விதைகளை நிதானமாக உரித்துத் தின்றுகொண்டிருந்தது. பறவைகளெல்லாம் வேலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

"இது பறவைக்கு வெச்சது!" என்று வெண்டல் கண்ணாடியைத் தட்டினார்.

அணில் அவரைப் பார்த்தது. இன்னொரு விதையை எடுத்தது.

லொரைன் ஜனவரியில் வாசல் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவள். அறுவை சிகிச்சை நன்றாகத்தான் முடிந்தது. எலும்பு கூடிவிட்டது, பயம்தான் போகவில்லை. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு குளியலறைவரை போவாள், திரும்பி வந்து உட்காருவாள். பின்வாசல் படிகளைப் பார்த்தாலே திரும்பிவிடுவாள். "கோடைக்குள்ள நடக்க ஆரம்பிக்கலேன்னா, அப்புறம் நாற்காலிதான்" என்று டாக்டர் வெண்டலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதை மனைவியிடம் சொல்ல வெண்டலுக்கு வாய் வரவில்லை. சிவப்புக் கார்டினல் பறவை என்றால் அவளுக்கு உயிர். ஆகவே ஜன்னலுக்கு நேராகத் தீனிப்பெட்டியை மாட்டினார். அவருக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

மரத்தில் இருந்தால்தானே தொல்லை என்று, புல்வெளி நடுவில் ஓர் இரும்புக் கம்பத்தை நட்டுப் பெட்டியை அதில் மாட்டினார்.

மறுநாள் அணில் கூரை விளிம்பில் வந்து உட்கார்ந்தது. தலையை இப்படியும் அப்படியும் அசைத்துத் தூரத்தை அளந்தது. பிறகு பாய்ந்தது. நான்கு கால்களையும் விரித்து, வால் பின்னால் புகைபோல அலைய, அது காற்றில் மிதந்துவந்த அந்தக் கணத்தில் இருவருமே மூச்சுவிட மறந்தார்கள். பெட்டியின் மேல் பூப்போல வந்து இறங்கியது.

நெடுஞ்சாலைத் துறையில் ஆயுள் முழுக்கப் பாலங்களைச் சோதித்தவர் வெண்டல். "இவ்வளவு தூரத்துக்கு நாங்க நடுவுல ரெண்டு தூண் வெச்சிருப்போம்" என்றார் மெதுவாக.

"அப்ப பெட்டியைத் தூக்கிப் போட்டுடப்போறியா?"

"தோத்தவன் கை தட்டணும், லொரைன். அப்புறம் கம்பத்தை நகத்தணும்."

கம்பத்தை நகர்த்தினார். அணில் கம்பத்தில் ஏறியது. காலையில் பொரித்த பன்றிக் கொழுப்பை எடுத்துக் கம்பம் முழுக்கத் தடவினார். அணில் ஏறிய வேகத்தில் சர்ரென்று வழுக்கிக் கீழே வந்து, தன் கால்களையே சந்தேகமாகப் பார்த்தது. மறுபடி ஏறியது, மறுபடி சர்ர். விழுந்த நாளுக்குப் பிறகு லொரைன் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். வெண்டல் அணிலைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் கொழுப்பு வாசனை காற்றில் போனது. அந்தி சாயும் நேரத்தில், ஏரிக்கரைப் புதரிலிருந்து முகமூடி போட்ட திருடன்போலக் கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டையோடு, ரக்கூன் என்ற காட்டு விலங்கு ஒன்று வந்தது. கம்பத்தை அடியிலிருந்து நக்கிச் சுத்தம் செய்தது. சுத்தமான கம்பத்தில் ஏறிப் பெட்டியைக் கொக்கியிலிருந்து கழற்றி, இடுக்கிக்கொண்டு போய்விட்டது.

"பெட்டியோடவா?" என்றார் மறுநாள் இரும்புச் சாமான் கடைக்காரர் கோர்டி.

"பெட்டியோடதான்."

"அப்ப இரும்புப் பெட்டி வாங்கிக்கங்க. ஓட்டை வழியா பறவை அலகு மட்டும்தான் போகும். மூடிக்குத் தாழ்ப்பாள் இருக்கு. இதையும் தூக்கிட்டுப் போச்சுன்னா, அதை இங்க கூட்டிட்டு வாங்க, நான் வேலைக்கு வெச்சுக்கறேன்."

இரும்புப் பெட்டியைக் கம்பத்தோடு திருகாணி போட்டு முடுக்கினார். அன்று அந்தியில் ரக்கூன் வந்தது. மேலே ஏறி, கண்களை எங்கோ வானத்தில் வைத்துக்கொண்டு, விரல்களால் மட்டும் தாழ்ப்பாளைத் தடவியது. மெல்லிய கறுப்பு விரல்கள். இருட்டில் சட்டைப் பித்தானைத் தேடும் கைபோல அவை தேடின, கண்டுபிடித்தன, இழுத்தன. மூடி திறந்தது.

வெண்டலுக்கு உடம்பு சிலிர்த்தது. "பாத்தியா? அது பாக்கவே இல்லை. விரலாலயே யோசிக்குது."

"உன்னைவிட நல்லா யோசிக்குது" என்றாள் லொரைன்.

அடுத்த நாள் எண் பூட்டு வந்தது. ரக்கூன் மாலை முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டதுபோல முதுகை உயர்த்தித் தாழ்த்தி இறங்கிப்போனது. அணிலும் கம்பத்தடியில் நின்று ஜன்னலை நிமிர்ந்து பார்த்தது. கார்டினல் மட்டும் ராஜாபோல வந்து தின்றது.

"அந்த அணில் பால் குடுக்கிற தாய், வெண்டல். மடி தெரியுது பாரு. பாவம்."

"காட்டுல தேடிக்கட்டும். பூட்டு பூட்டுதான்."

காலையில் ரொட்டிக்கடையில் பழைய சகாக்களோடு காப்பி குடிப்பது வெண்டலின் வழக்கம். அன்று போகும்போது பூட்டு பூட்டியிருந்தது. திரும்பி வந்தபோது பூட்டு கொக்கியில் அழகாகத் தொங்கியது, மூடி திறந்திருந்தது, உள்ளே அணில் வாலை வெளியே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"லொரைன்! யார் திறந்தது?"

"ரக்கூன்தான். நீ காரை எடுத்ததும் வந்தது." அவள் கண்கள் பளபளத்தன. "அந்த வேகத்தை என்னன்னு சொல்ல? காதைப் பூட்டுமேல வெச்சுக் கேட்டுக்கிட்டே திருகுது. எனக்குக் கையெல்லாம் வேர்த்துப்போச்சு."

வெண்டல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பூட்டின் எண்ணை மாற்றினார். மறுநாளும் திறந்திருந்தது. திரும்பவும் மாற்றினார். திறந்திருந்தது. கோபம் போய், ஒருவித பக்தியே வந்துவிட்டது அவருக்கு. அந்தியில் ரக்கூன் புதரிலிருந்து எட்டிப் பார்த்தால் தொப்பியைக் கழற்றினார். ரொட்டிக்கடையில் சொன்னபோது நண்பர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு அவர் காப்பியை மோந்து பார்த்தார்கள்.

கடைசியில், பக்கத்து வீட்டு கோரா வேலியோரம் துணி உலர்த்துவதைப் பார்த்ததும் அவரால் அடக்க முடியவில்லை. கோரா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பிள்ளைகளை இறக்கிவிட்டு நடுக்காலையில் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

"கோரா, நான் பைத்தியம்னு நினைச்சாலும் பரவாயில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போன் பண்ணப்போறேன். இங்க ஓர் அதிசயம் நடக்குது."

"என்ன ஆச்சு?"

"அந்த ரக்கூன் எண் பூட்டைத் திறக்குது! முதல்ல வீட்டு எண்ணை வெச்சேன், திறந்துட்டுது. என் பிறந்த வருஷத்தை வெச்சேன், அதையும் திறந்துட்டுது. நேத்து எங்க கல்யாணத் தேதியை வெச்சேன். எனக்கே வருஷா வருஷம் மறந்துபோற தேதி, கோரா! அந்த மிருகத்துக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கோரா கையிலிருந்த துணியைக் கூடையில் போட்டுவிட்டு வேலிக்கு நெருங்கி வந்தாள்.

"ரக்கூனா? நீங்க காரை எடுத்ததும், நடைவண்டியை வாசல்லயே விட்டுட்டு, மூணு படியும் இறங்கி, புல்லுல தனியா நடந்து வந்து தினமும் திறந்துவிடுறது உங்க லொரைன்தானே!"