செக்கிங் அண்ணாவும் முதல் நம்பரும்

உலகத்தில் ஒரு மனுஷரைக்கூட சந்தேகப்படாமல், ஆனால் ஒரு பதிலைக்கூட நம்பாமல் வாழ்ந்த ஒரே பிறவி எங்கள் செக்கிங் அண்ணாதான். தன் கல்யாணத்தில் தாலி கட்டுமுன் மணப்பெண்ணிடம் குனிந்து பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டார் என்று ஆபீசில் ஒரு வதந்தி உண்டு. நான் அதை முழுசாக நம்புகிறேன்.

விழுப்புரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், வெப்சைட் செய்துதரும் ஆபீஸ் எங்களுடையது. நான் எழுதுவேன், நான் எழுதியது சரியா என்று அவர் சோதிப்பார். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வருவார். எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் நாலே சோதனைதான்: முதலில் இருப்பது, கடைசியில் இருப்பது, நடுவில் ஒன்று, பட்டியலிலேயே இல்லாதது ஒன்று.

இந்த வியாதி ஆபீசோடு நிற்கவில்லை என்பதுதான் கொடுமை. ஒருநாள் காலை டிபனுக்குப் போனோம். சர்வர் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்: "இட்லி, பொங்கல், பூரி, ஊத்தப்பம்."

"இட்லி இருக்கா?"

"இருக்குதுங்க."

"ஊத்தப்பம்?"

"இருக்குது சார்."

"பூரி?"

"அதான் சொன்னேனேங்க!"

"பீட்சா இருக்கா?"

"காலங்காத்தால இன்னா சார் பேஜாரு பண்ற? அதெல்லாம் இல்ல!"

"அப்ப சரி. ரெண்டு இட்லி."

எனக்கு மானமே போயிற்று. அவரோ சட்னியைத் தொட்டுக்கொண்டு, "இல்லாததை இல்லன்னு சொல்றானான்னு பாக்கணும்மா. அப்பதான் அவன் இருக்குதுன்னு சொல்றதை நம்பலாம்" என்றார்.

அந்த வருஷம் ஒரு நர்சிங் பயிற்சிக்கு வெப்சைட் செய்தோம். நாற்பது பெண்களுக்கு இலவசப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு. விண்ணப்ப எண்ணைப் போட்டால் பட்டியலில் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று வரும். 'உண்டு' என்று வந்தவர்கள் மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் அதிலேயே சம்மதம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அண்ணா மகளுக்குக் காதுகுத்து என்று லீவில் இருந்தார். அவர் இல்லாத குஷியில், நடுவிலிருந்து நாலு எண்களை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு நானே திறந்துவிட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு ஒரு பெண் போன் செய்தாள். "அக்கா, காணை கிராமத்துலேர்ந்து பேசறேங்க. என் நம்பர் போட்டா இல்லன்னு வருதுங்க. இன்டர்வியூல நல்லாதான் சொன்னேன். இன்னொரு வாட்டி பாக்கறீங்களாக்கா?"

"இல்லன்னு வந்தா இல்லதாம்மா. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்துவிட்டு முறுக்கு தின்றேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

இரண்டு மணிக்கு அண்ணா வந்தார். பையைக்கூட இறக்கவில்லை. "முதல் நம்பர் போட்டுப் பாத்தியாம்மா?"

"எல்லாம் கரெக்டா வருதுண்ணா."

அவர் போட்டார். 'இல்லை' என்று வந்தது.

விஷயம் இதுதான். 'இந்த எண் பட்டியலில் இருக்கிறதா?' என்று நான் கேட்ட விதத்துக்குக் கம்ப்யூட்டர் ஆமாம், இல்லை என்று சொல்லாது. எத்தனாவது இடம் என்று சொல்லும். அதற்கு முதல் இடம் பூஜ்யம். காணவே காணோம் என்றால் மைனஸ் ஒன்று. நான் 'பூஜ்யத்துக்கு மேல் வந்தால் உண்டு' என்று எழுதித் தொலைத்திருந்தேன். மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் சரியான பதில். முதல் ஆளுக்கு மட்டும் 'இல்லை'. அந்த முதல் ஆளின் ஊர் காணை.

ஒரே ஒரு சமக்குறியைச் சேர்த்து 'பூஜ்யமோ அதற்கு மேலோ வந்தால் உண்டு' என்று ஆக்கியதும் தப்பு சரியாகிவிட்டது. அந்தப் பெண்ணின் போன்தான் ஸ்விட்ச் ஆஃப். "ஸ்கூட்டியை எடும்மா" என்றார் அண்ணா.

விண்ணப்பத்தில் இருந்த விலாசத்தில் வீடு பூட்டிக் கிடந்தது. விசாரித்துக்கொண்டு போனால், கூலி வேலையாக அம்மாவும் பெண்ணும் ஒரு நிலத்தில் வேர்க்கடலைச் செடிகளைப் பிடுங்கிப்போட்டு மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அழுது வீங்கிய கண்ணோடு அவள் நிமிர்ந்தாள். "தப்பு என்னுதும்மா, மன்னிச்சிக்க. லிஸ்ட்ல நீதான் முதல் ஆளு" என்றேன்.

அம்மா எழுந்து நின்றார். "காலையில இல்லன்னீங்க. இப்ப இருக்குதுன்றீங்க. சாயங்காலம் இன்னா சொல்லுவீங்க?"

அண்ணா வரப்பில் குந்தி, தன் போனை அந்த அம்மாவிடமே நீட்டினார். "நீங்களே பாருங்கம்மா."

பெண்ணின் எண்: 'உண்டு'. அதோடு விட்டாரா? கடைசி எண்: 'உண்டு'. நடுவில் ஒன்று: 'உண்டு'.

"அண்ணா, நாலே கால் ஆயிடுச்சு! ஜல்தி சம்மதம் குடுக்கச் சொல்லுங்கண்ணா!"

"இரும்மா. இல்லாத நம்பர் ஒண்ணு பாக்கணும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மாவோ, "எங்க வூட்டு நம்பர் போடுங்க சாமி" என்று கதவு எண்ணைச் சொன்னார். 'இல்லை' என்று வந்தது. திரையையே கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எனக்கு இல்லன்னு வந்தா வரட்டும். எம்பொண்ணுக்கு இருக்குது இல்ல, அது போதும்."

பெண் அழுத்தினாள். விரலெல்லாம் மண், போன் ஏற்கவில்லை. துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். 'சம்மதம் பதிவாகிவிட்டது' என்று வந்ததும், அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது ஒரு பை மல்லாட்டை கொடுத்தார்கள். அண்ணா மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று எடுத்து உடைத்துத் தின்றுவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். அவரைக் கேலி செய்ய அன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை.

இப்போது அவர் திண்டிவனத்திலேயே வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் எந்தப் பட்டியலை எழுதினாலும், சோதனைக்காக முதல் இடத்தில் அவர் பெயரைத்தான் போடுகிறேன். 'உண்டு' என்று வரும்வரை எனக்கு மூச்சே வருவதில்லை.