பெரியத்தையின் புள்ளி

பெரியத்தை மூன்று நாளாக நகரவில்லை.

வரைபடக்காரர் திரையைத் தட்டிப் பார்த்தார். கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தார். காட்டில் ஏழு யானைகளின் கழுத்தில் கருவிப் பட்டை. செயற்கைக்கோள் வழியாக அவருடைய மேஜையில் ஏழு சிவப்புப் புள்ளிகள். ஆறு புள்ளிகள் சமர்த்தாக ஊர்ந்துகொண்டிருந்தன. கூட்டத்துக்கே மூத்தவளான பெரியத்தையின் புள்ளி மட்டும் ஓடைக்கரையில் அப்படியே கிடந்தது.

"உங்க சொந்த அத்தை ஆஸ்பத்திரில கிடந்தப்ப இப்படிச் சோறு தண்ணி இல்லாம இருந்தீங்களா?" என்றாள் மனைவி.

"அவங்களைப் பார்த்துக்க ஆள் இருந்தாங்க" என்றார் அவர்.

போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் பத்து வருஷ வேலையில் அவர் காட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. வானத்திலிருந்து எல்லாம் தெரியும்போது எதற்குச் செருப்பை அழுக்காக்குவது?

திட்ட இயக்குநர் கத்தினார். "அடுத்த மாசம் நிதி குடுக்கிறவங்க வர்றாங்க. ஒரு புள்ளி நின்னாலும் திட்டத்தை இழுத்து மூடிடுவாங்க!"

வரைபடக்காரர் ஓடைப்பக்கத்து வனக்காவலருக்குப் போன் போட்டார். "அண்ணே, என்ன செய்வீங்களோ தெரியாது. நாளைக்குப் பெரியத்தை நகரணும். இல்லேன்னா நம்ம எல்லாருக்கும் வேலை போயிடும்."

காவலர் ஒத்துக்கொண்டார். "சரிங்க சார்."

மறுநாள் புள்ளி நகர்ந்தது. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அதுவும் நிம்மதியாக இல்லை.

"என்னண்ணே, ரோட்டோரமாவே போறா?"

"உள்ள போனா முள்ளு குத்துது சார்."

"யானைக்கா?"

"நாளைலேர்ந்து உள்ள போகச் சொல்றேன் சார்."

காட்டில் இருப்பவர்களுக்கு யானையோடு பேசத் தெரியும் என்று அவர் எங்கோ கேட்டிருந்தார். வேலை போகிற நேரத்தில் எதையும் நம்பலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியத்தை நாள் முழுக்க ஓய்வெடுத்தாள். வரைபடக்காரர் துள்ளிக் குதித்தார். மற்ற ஆறும் வருஷக்கணக்காக ஞாயிறானால் அசையாது. பெரியத்தை ஒருத்திதான் நாள் கிழமை பார்க்காமல் திரிந்த அடங்காப்பிடாரி. அவளும் வழிக்கு வந்துவிட்டாள்!

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அவரும் உட்கார்ந்து 'யானைகளின் வார ஓய்வு' என்று ஒரு கட்டுரை எழுதினார். இயக்குநர் அதை நிதி தருபவர்களுக்கு அனுப்பினார். அவர்கள் படித்துவிட்டு வாயைப் பிளந்தார்கள். வரும்போது பெரியத்தையை நேரில் பார்த்தே ஆகவேண்டும் என்றார்கள்.

அந்த நாளும் வந்தது. விருந்தாளிகளை இயக்குநரோடு ஜீப்பில் உட்காரவைத்துவிட்டு, கையில் திரையோடு வரைபடக்காரர் முன்னால் நடந்தார். புள்ளி நெருங்கியது. புதரை விலக்கினார்.

தோளில் பட்டையை மாட்டிக்கொண்டு காவலர் நின்றிருந்தார்.

"பெரியத்தை எங்கண்ணே?"

"நீங்க போன் பண்றதுக்கு முன்னாடியே செத்துட்டா சார். ஓடைக்கரைத் தோட்டத்து வேலில கரண்டு விட்டிருந்தாங்க. நீங்க நகரணும்னீங்க, அதான்..."

அவர் பொத்தென்று மண்ணில் உட்கார்ந்தார். பத்து வருஷம் தினமும் முகம் கழுவியதும் முதலில் தேடிய புள்ளி அது. ஒருமுறைகூட நேரில் பார்த்திராத அந்த யானைக்காகத் தேம்பித் தேம்பி அழுதார்.

பின்னால் ஜீப்பின் ஹாரன் பொறுமையில்லாமல் கத்தியது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். அழக்கூட அவகாசம் தராத உத்தியோகம்.

"சரி, போனவ போயிட்டா. இவங்களுக்கு வேற யானையைக் காட்டித் தொலைப்போம்" என்று திரையைப் பார்த்தார். "இதோ, அந்த மேட்டுக்குப் பின்னாடியே ஒண்ணு இருக்கு. வாங்கண்ணே, கூட்டிட்டுப் போவோம்."

காவலர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அங்க வேண்டாம் சார், அது என் மச்சான். மத்த அஞ்சும் நம்ம ஆளுங்கதான்."