மில் லேன் மையமும் என் பச்சை சிவப்பும்

ஹார்கிளிஃப்,
வெள்ளிக்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க பெரில் அக்காவுக்கு,

தம்பி நார்மன் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவாறு நலம். அங்கே உன் இருமலும், ஸ்டான்லி அத்தானின் தக்காளிச் செடிகளும் தேறிவிட்டன என்று நம்புகிறேன். நிற்க.

நான் கவுன்சிலர் ஆன கூத்து உனக்குத் தெரியும். "ஜெயிக்கவே மாட்டீங்க, சும்மா பேரை மட்டும் குடுங்க" என்று கட்சிக்காரர்கள் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு ஓட்டில் ஜெயித்துத் தொலைத்தேன். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவனைப் போக்குவரத்துக் குழுவில் போடுவார்கள் என்று பார்த்தால் அங்கே இடமில்லையாம். யாருமே கேட்காத குழு ஒன்று இருந்தது. குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் கவுன்சில் செய்யும் வேலை ஒழுங்காக நடக்கிறதா, ஒதுக்கின பணம் எங்கே போகிறது என்று கண்காணிக்கிற குழு. பிள்ளையும் இல்லை குட்டியும் இல்லை, எனக்கு அதைத் தந்துவிட்டார்கள்.

முதல் கூட்டத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் அனுப்பினார்கள். நடுவில் ஓர் அட்டவணை. ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ஒரு கட்டம். நன்றாக நடந்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், கவிழ்ந்தால் சிவப்பு. அக்கா, இந்த உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும், எனக்குப் பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது. அப்பாவின் தோட்டத்தில் காய்த் தக்காளியை எல்லாம் பறித்துவிட்டு நான் முழித்தபோது, பழியை நீதானே ஏற்றுக்கொண்டாய்? பஸ் ஓட்டும்போது கவலை இருந்ததில்லை. விளக்கில் மேலே இருப்பது சிவப்பு, கீழே இருப்பது பச்சை, அவ்வளவுதான். இந்த அட்டவணையில் எனக்கு எல்லாக் கட்டமும் சாம்பலாகத் தெரிந்தது. சரி, கண் இன்னும் கெட்டுவிட்டது என்று நினைத்து, பழைய புத்தியைப் போட்டேன். மேல் வரிகள் சிவப்பு, கீழ் வரிகள் பச்சை! இப்படி ஒரு முட்டாள் நம் குடும்பத்தில் வேறு யாராவது உண்டா சொல்.

ஆக, கூட்டத்தில் எழுந்து நின்றேன். கேள்வி கேட்காமல் பிஸ்கட் மட்டும் தின்பது அசிங்கம் என்று ஒரு ரோஷம். மேல் வரிகளைப் பிடித்து அதிகாரிகளை உலுக்கினேன். கடைசி வரி, மில் லேன் குடும்ப மையம், சின்னப் பிள்ளைகளையும் தாய்மாரையும் கவனிக்கிற இடம். "பேஷ், இது ஒண்ணுதான் உருப்படியா நடக்குது, இதுக்கு மேல என்ன வேணும்?" என்று பாராட்டினேன். மற்ற பத்துப் பேரும் தலையாட்டினார்கள். பாராட்டு பதிவேட்டிலும் ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை நூலகத்தில் குறை கேட்க உட்கார்ந்திருக்கிறேன். என் தெருக்கோடி வீட்டுக் கிர்ஸ்டி, இரட்டைப் பிள்ளை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"வாங்க கவுன்சிலரே! மில் லேனை மூடறாங்களாமே, சந்தோஷமா?"

"என்னம்மா சொல்றே? அது நல்லா நடக்குதுன்னு நான்தானே..."

"ஆமா, நோட்டீஸ்ல உங்க பேரைத்தான் போட்டிருக்காங்க. நல்லா இருக்கு, இதுக்கு மேல ஒண்ணும் வேணாம்னு கண்காணிப்புக் குழுவே சொல்லிடுச்சாம். அதனால மிச்சப்படுத்தலாமாம். அங்க ஆள் இல்லாம பாதி நாள் பூட்டிக் கெடக்கு, தெரியுமா? என் ஐலாவுக்குக் காது கேக்கலன்னு அங்கதான் கண்டுபிடிச்சாங்க. இனிமே ரெண்டு பஸ் மாறிப் போகணும். இந்த வண்டியை எந்த டிரைவர் ஏத்துவான்?"

அக்கா, எந்த டிரைவரும் ஏற்ற மாட்டான். முப்பத்தோரு வருஷம் "மடக்கிட்டு ஏறும்மா" என்று கத்தினவன் நான்தான். ஐலா வண்டியிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. வெட்கத்தில் எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு வெளிவந்து ஐந்து நாளுக்குள் மூன்று உறுப்பினர்கள் கையெழுத்திட்டால், அதைக் குழுவின் முன் திரும்ப இழுக்கலாம். மானம் போனால் போகிறது என்று தலைவி திருமதி வாட்ஸ்வொர்த்தின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அம்மா, ஒரு உண்மையைச் சொல்லணும். எனக்கு நிறம் தெரியாது. அந்தக் கட்டமெல்லாம் எனக்குச் சாம்பலாத்தான் தெரிஞ்சது."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாம்பல்தான், த்ரெல்ஃபால். சிக்கனம்னு சொல்லி ரெண்டு வருஷமா கறுப்பு வெள்ளையிலதான் அச்சடிக்கறாங்க. கேட்டா நம்மளை மக்குன்னு நெனைப்பாங்களேன்னு யாரும் கேக்கல. நீங்க அவ்வளவு அடிச்சுப் பேசினதும், உங்களுக்கு மட்டும் கலர்ல குடுத்திருக்காங்கன்னு நாங்க நம்பிட்டோம்!"

"நிறக் கதை நமக்குள்ள இருக்கட்டும்" என்று சொல்லி அவரே முதல் கையெழுத்தைப் போட்டார்.

நேற்று சிறப்புக் கூட்டம். வண்ணத்தில் அச்சடித்துத் தந்தார்கள். மில் லேன் வரி நல்ல சிவப்பாம். கிர்ஸ்டி ஐலாவின் காதைப் பற்றி மூன்று நிமிஷம்தான் பேசினாள். எதிர்க்கட்சி ஹம்ஃப்ரி பில்லிங்கோ "எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா மூடித்தான் ஆகணும், மூடறதுக்குத்தான் என் ஓட்டு" என்று ஒரே பிடி. குழு எப்படி ஓட்டுப் போடுகிறதோ அப்படியே செய்வோம் என்று நிர்வாகமும் வாக்குத் தந்திருந்தது. எங்கள் மேசையில் இரண்டு பொத்தான்கள். மையம் நிலைக்கப் பச்சை, மூடச் சிவப்பு. எழுத்து ஒன்றும் கிடையாது. நம் ஊரில் வண்டி இடப்பக்கம்தானே போகும்? போகிற பக்கம்தான் பச்சை என்று இடப்பக்கத்தை அழுத்தினேன். ஆறுக்கு ஐந்து, மையம் பிழைத்தது! ஒரே ஒரு ஓட்டு, அக்கா, உன் தம்பியின் ஓட்டு. கிர்ஸ்டி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாழ்நாளில் முதல்முறையாக உருப்படியாக ஒன்று செய்திருக்கிறேன் என்று பெருமையாக இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி. இருமல் மருந்தை மறக்காமல் குடி.

உன் பிரியமுள்ள தம்பி,
நார்மன் த்ரெல்ஃபால்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் கூட்டப் பதிவு வந்தது. பெயர் வாரியாகப் போட்டிருக்கிறார்கள். மூடுவதற்கு ஓட்டுப் போட்டவர்களில் முதல் பெயர் என்னுடையது. மையத்தைக் காப்பாற்றினவர்களில் கடைசிப் பெயர் ஹம்ஃப்ரி பில்லிங். நான் அதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கையில் போன் அடித்தது, பில்லிங்தான்.

"த்ரெல்ஃபால், உங்களுக்கும் பச்சை சிவப்பு தெரியாதா?"

"தெரியாது. உங்களுக்குமா?"

"பொறந்ததிலேருந்து. அடுத்த கூட்டத்தில எழுந்து என் ஓட்டைத் திருத்தலாம்னு பாத்தேன்."

"நீங்க எழுந்தா நானும் எழுந்திருவேன். கணக்கு ஆறுக்கு அஞ்சாவேதான் நிக்கும், ஆனா நம்ம ரெண்டு பேர் குட்டும் உடைஞ்சு சந்தி சிரிக்கும்."

அவர் பேச்சை மாற்றினார்.

"அந்தக் குழந்தைக்கு, காது இப்ப பரவாயில்லையா?"

"மெஷின் வெச்சிருக்காங்க. கூப்பிட்டாத் திரும்பிப் பாக்குது."

"அப்ப ரெண்டு பேரும் உக்காந்தே இருப்போம்" என்றார் பில்லிங்.