ஒரே நம்பரில் இரண்டு வண்டி

முட்டாள்தனம் செய்து அவமானப்பட்டவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. "பாவம், தெரியாம பண்ணிட்டான்" என்று ஊர் விட்டுவிடும். நான் கெட்டிக்காரத்தனம் செய்து அவமானப்பட்டவன். எனக்கு அந்தச் சலுகை இல்லை. ஆறு வருடம் ஆகிவிட்டது, இன்னும் யாரும் விடுவதாகத் தெரியவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர், "சுகர் எட்டிப் பாக்குது, தினம் நடங்க" என்றார். நடக்கத்தான் சொன்னார். நான் நேராகப் போய் கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினேன். மேடவாக்கம் வீட்டிலிருந்து நந்தனம் ஆபீசுக்குப் பதினாறு கிலோமீட்டர். இனி போக வர சைக்கிள்தான் என்று வீட்டில், ஆபீசில், மைத்துனன் வீட்டு கிரகப்பிரவேசத்தில் எல்லாம் அறிவித்தேன். (யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் அறிவித்தேன்.) ஊருக்கெல்லாம் சொன்ன பிறகு நிறுத்த முடியாது என்பது சொல்வதற்கு முன்னால் எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

பதினாறு கிலோமீட்டரும் அறிவுரைதான். வேளச்சேரியில் பஸ் என்னை ஓரத்துக்குத் தள்ளும். ஓரத்தில் நிற்கும் ஷேர் ஆட்டோ என்னை மறுபடி நடுரோட்டுக்குத் தள்ளும். கிண்டியில் வாக்கிங் வந்த பெரியவர், "கியரை மாத்துங்க சார்" என்பார். சைதாப்பேட்டை பாலம் ஏறும்போது ஆட்டோக்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, கூடவே வந்து, "எறங்கித் தள்ளிக்கினு போ நைனா, மூஞ்சே ஒரு மாரி கீது" என்று அக்கறையாகச் சொன்னார். தெரிந்தவர்கள் பார்த்தால் இன்னும் மோசம். "ஸ்கூட்டர வித்துட்டீங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஸ்கூட்டர் பத்திரமாக இருந்தது. என் மனைவி வித்யா அதில் அடையாறுக்கு, தன் வங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஏழுமலையைத்தான் தாங்க முடியவில்லை.

ஏழுமலை எங்கள் ஆபீஸ் கட்டடத்தின் செக்யூரிட்டி. நாலு மாடி, ஏழெட்டு கம்பெனி, ஒரே கேட், ஒரே நோட்டு. உள்ளே போகும் வண்டி ஒவ்வொன்றின் நம்பரையும் அந்த நோட்டில் எழுதுவார். முதல் நாள் சைக்கிளோடு போய் நின்றேன்.

"நம்பர் இன்னா சார்?"

"சைக்கிளுக்கு ஏது நம்பர்?"

"நம்பர் இல்லாத வண்டிய உள்ள வுட முடியாது சார்."

"சைக்கிள்னு எழுதிக்கோங்க."

"சைக்கிள் சைக்கிள்னு எய்திக்கினு போனா எது யாருதுன்னு எனக்கு எப்டி தெர்யும்?"

"இந்தக் கட்டடத்துக்கே ஒரு சைக்கிள்தான் வருது, ஏழுமலை!"

"இன்னிக்கு ஒண்ணு சார். நாளைக்கி?"

அவரைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு மாதத்துக்கு முன் அங்கிருந்து ஒரு பைக் திருடு போயிருந்தது. இன்னொன்று போனால் வேலை போய்விடும் என்று அவருடைய சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து உள்ளே வந்த நம்பரும் வெளியே போகும் நம்பரும் ஒத்துப்போகாமல் கேட் திறக்காது. இவ்வளவும் தெரிந்தும் நான் தினமும் குறை சொன்னேன்.

வேறு வழியில்லாமல் சைக்கிளை வெளியே விளக்குக் கம்பத்தில் சங்கிலி போட்டுக் கட்டினேன். முதல் வாரம் மணி போயிற்று. இரண்டாம் வாரம் ஒரு மாலை வந்து பார்த்தால் சைக்கிள் இருக்கிறது, சீட் இல்லை. பதினாறு கிலோமீட்டரும் நின்றுகொண்டே மிதித்தேன். கிண்டி சிக்னலில் பக்கத்து பைக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உக்காருங்க சார்" என்றார்.

அந்த ராத்திரிதான் என் மூளை வேலை செய்தது. நம்பர்தானே வேண்டும்? எங்கள் ஸ்கூட்டருக்கு நம்பர் இருக்கிறதே! மறுநாள் அதைச் சொன்னேன். ஏழுமலை சைக்கிளை ஒரு சுற்று சுற்றி வந்தார். "வண்டில இல்லியே சார். வண்டில இருந்தாதான் நோட்டுல எய்துவேன்."

சாயங்காலமே தி.நகரில் ஒரு ஸ்டிக்கர் கடைக்குப் போனேன். வெள்ளைத் தகடு, கறுப்பு எழுத்து, எங்கள் ஸ்கூட்டரின் முழு நம்பர். "எந்த வண்டிக்கு சார்?" என்று கடைக்காரர் கேட்டார். சைக்கிளைக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் ஸ்க்ரூ வைத்து மாட்டிக் கொடுத்தார். (வழியெல்லாம் அறிவுரை சொன்ன ஊர், வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டது.)

மறுநாள் காலை ஏழுமலை தகட்டைப் பார்த்தார். நோட்டில் எழுதினார். "இப்ப கரெக்டா கீது சார்" என்று சலாம் வைத்தார். அதிலிருந்து தினமும் சலாம். ஒரு வாட்ச்மேனின் சட்டத்தை அவர் வழியிலேயே போய் முறியடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. வித்யாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் கேட்கும் முதல் கேள்வியிலேயே எல்லாம் முடிந்திருக்கும்.

இந்த இடத்தில் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனி, தலைமை ஆபீஸ் கோயம்புத்தூரில். சென்னைக் கிளையில் பதினொரு வருடமாக நான் புகார் மேஜை. "மோட்டார் ஓடல", "ஓடுது, தண்ணி வரல", "தண்ணி வருது, சத்தம் போடுது" என்று காலை முதல் மாலை வரை மற்றவர்களின் கோபத்தை வாங்கிக்கொள்ளும் உத்தியோகம். எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் என்னைத் தாண்டி மேலே போய்விட்டார்கள். அந்த வருடம் ஒரு புதுப் பதவி வந்தது. எங்கள் மோட்டாரைப் போலவே டூப்ளிகேட் செய்து, எங்கள் வரிசை எண்ணையே அதில் பொறித்துச் சிலர் விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்த டூப்ளிகேட்டுகளைக் கண்டுபிடிக்கும் பிரிவுக்கு ஒரு தலைவர் வேண்டும். அந்த நாற்காலிக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அதுவும் கிடைக்காவிட்டால் புகார் மேஜையிலேயே தலை நரைத்து ரிட்டயர் ஆகவேண்டியதுதான் என்று பயந்தேன். இன்டர்வியூ எடுக்க எம்.டி.யே கோயம்புத்தூரிலிருந்து வருவதாகத் தகவல் வந்தது. காலை பதினொரு மணி.

"இன்னிக்கு ஒரு நாளாவது ஸ்கூட்டர்ல போயேன். நான் பஸ்ல போயிக்கறேன்" என்றாள் வித்யா.

"சைக்கிள் என் கொள்கை" என்றேன்.

எட்டரைக்கு ஆபீஸ் சேர்ந்து, சலாம் வாங்கி, மாடிக் குளியலறையில் பக்கெட் தண்ணீரில் குளித்துவிட்டுப் பையைத் திறந்தேன். இஸ்திரி போட்ட சட்டை இருந்தது. டை, பெல்ட், சாக்ஸ், பளபளவென்று ஷூ, சீப்பு, பவுடர் எல்லாம் இருந்தன. பேண்ட் இல்லை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். பெல்ட் விழுந்தது. என்னிடம் மிச்சமிருந்தது சைக்கிள் ஓட்டப் போட்டு வந்த அரை டிரவுசர். தொடையை இறுக்கிப் பிடிக்கிற கறுப்புத் துணி, பின்பக்கம் மட்டும் மெத்தை வைத்துத் தைத்தது. கடன் கேட்கலாம் என்றால் அந்நேரம் ஆபீசில் இருந்த ஒரே ஆண்பிள்ளை எங்கள் கேஷியர். அவர் இடுப்பு நாற்பத்திரண்டு.

வித்யாவுக்கு போன் செய்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கொள்கையப் போட்டுக்கிட்டுப் போயேன்" என்றாள். ஆனாலும் பேங்கில் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டுப் பேண்ட்டோடு கிளம்பினாள். அவள் அதுவரை என் ஆபீசுக்கு வந்ததே இல்லை.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு போன் அடித்தது.

"நீங்க கொஞ்சம் கீழ வர்றீங்களா?"

வித்யா என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவாள். 'நீங்க' வந்தால் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியாகிவிட்டது என்று அர்த்தம்.

"உங்க வாட்ச்மேன் என் வண்டிய கேட்டோட சேர்த்து சங்கிலி போட்டுட்டாருங்க. சாவியப் பிடுங்கிட்டாருங்க. இந்த நம்பர் வண்டி எட்டரைக்கே உள்ள வந்தாச்சாம். நான் ஓட்டிட்டு வந்தது திருட்டு வண்டியாம்."

எனக்குக் குளித்த உடம்பில் மறுபடி வேர்த்தது. "பேண்ட்ட மட்டும் யார்கிட்டயாவது குடுத்து அனுப்பேன்."

"பேண்ட் டிக்கிலங்க. டிக்கி சாவியும் அதே சாவிங்க."

இறங்கினேன். மேலே சட்டை, டை; கீழே மெத்தை வைத்த டிரவுசர், சாக்ஸ், ஷூ. பெல்ட்டைக் கையில் வைத்திருந்தேன், எதற்கென்று தெரியாது. கேட்டில் ஏழுமலை நின்ற நிற்பை நான் மறக்கமாட்டேன். பல மாதம் காத்திருந்து திருடனைப் பிடித்த மனிதரின் சந்தோஷம் அது.

"வாங்க சார்! உங்க நம்பர போட்டுக்கினு ஒரு வண்டி வந்துச்சு. புட்ச்சிட்டேன்!"

"ஏழுமலை, அவங்க என் மனைவி."

அவர் வித்யாவைப் பார்த்தார். பிறகு என் தொடையைப் பார்த்தார். "செரி சார். வண்டி?"

"வண்டியும் எங்களுதுதான்."

"அப்ப உள்ள கீறது?"

"அது சைக்கிள்."

"நம்பர் கீதே சார்."

"நீங்கதானே போடச் சொன்னீங்க!"

"நம்பர போடச் சொன்னேன். இன்னொரு வண்டி நம்பர போடச் சொன்னனா?"

வித்யா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "சைக்கிளுக்கு நம்பர் பிளேட் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவு மரியாதையாக அவள் என்னிடம் எங்கள் கல்யாணத்தன்றுகூடப் பேசியதில்லை.

அதற்குள் சூப்பர்வைசர் வந்தார். வித்யா செல்போனில் ஆர்.சி.யைக் காட்டினாள். அவர் அதைப் படித்தார், ஸ்கூட்டரைப் பார்த்தார், உள்ளே போய் சைக்கிளைப் பார்த்துவிட்டு வந்தார். "மேடம் வண்டி ஒரிஜினல். சார்தான் டூப்ளிகேட்" என்று தீர்ப்புச் சொன்னார். ஏழுமலையின் முகம் வாடிவிட்டது. "தெனம் சலாம் வெச்சனே சார்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் எனக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. இந்தத் தப்பால் அவர் வேலை போயிருந்தால், அதற்கு முழுக் காரணம் நான்தான்.

பின்னால் ஹாரன் அடித்தது. சங்கிலியில் ஸ்கூட்டர் கட்டிக் கிடந்ததால் கேட் திறக்கவில்லை. வெள்ளைக் காரிலிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் இறங்கினார். எம்.டி.தான். போட்டோவில் பார்த்ததைவிட உயரம்.

"ஏனுங்க, கேட்டுல என்னங்க கூட்டம்?" என்றவர், என் டையிலிருந்து ஆரம்பித்து மெதுவாகக் கீழே வந்தார். "நீங்க நம்ம சர்வீஸ் தம்பிதானுங்களே?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏழுமலை முந்திக்கொண்டார். நோட்டை விரித்து, விரல் வைத்துக் காட்டி, முதலிலிருந்து சொன்னார். "எட்டு முப்பதுக்கு உள்ள பூந்த நம்பரு வெளிய போவவே இல்ல சார். அப்பறம் பத்து மணிக்கு எப்டி சார் மறுபடியும் வெளியருந்து வரும்? அங்கதான் எனக்கு டவுட்டு." எம்.டி. தலையாட்டிக் கேட்டார். நோட்டை வாங்கி இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தார். "ஒரு நம்பரும் அடிச்சுத் திருத்தலீங்களே" என்றார். நோட்டை அவரிடமே கொடுத்துவிட்டு மாடிப்படிப் பக்கம் நடந்தார்.

சாவி வந்தது, டிக்கி திறந்தது. பேண்ட்டை என் கையில் வைத்துவிட்டு, "ஆல் த பெஸ்ட்டுங்க" என்று சொல்லி வித்யா ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பதினொரு மணிக்குச் சரியாக உள்ளே போனேன், பேண்ட்டோடு. எம்.டி.யும் கூட இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எம்.டி. என் விண்ணப்பத்தை ஒரு புரட்டு புரட்டினார். பிறகு நான் ஒரு மாதமாகக் கண்ணாடி முன் நின்று தயார் செய்திருந்த அதே கேள்வியைக் கேட்டார்.

"ஒரே நம்பர்ல ரெண்டு மோட்டார் வருதுன்னு வைங்க. எது டூப்ளிகேட்டுன்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?"

இடது பக்கம் இருந்தவருக்கு இருமல் வந்துவிட்டது. எழுந்து ஜன்னல் பக்கம் போய் இருமினார். நான் விடவில்லை. "முதலில் பதிவேட்டை எடுத்து, உள்ளே வந்த எண்ணையும் வெளியே போன எண்ணையும்..." என்று ஆரம்பித்தேன்.

"அதைத்தான் கீழ ஒருத்தரு பண்ணிட்டாருங்களே தம்பி" என்றார் எம்.டி.

மொத்தம் ஏழு நிமிடம். பதவி கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று. அடுத்த மாதமே கிண்டி தொழிற்பேட்டையில் இருக்கும் எங்கள் குடோனுக்குச் சரக்குச் சரிபார்க்க ஒரு ஆளை எடுத்தார்கள். எம்.டி.யே பேர் சொல்லிக் கேட்டு எடுத்த ஆள். வந்த வாரத்திலேயே ஒரே நம்பரில் இரண்டு மோட்டாரைப் பிடித்துவிட்டார். இப்போது என் மேஜைக்கு வரும் டூப்ளிகேட் புகார் எதுவாக இருந்தாலும் குடோனில் அவர் கையெழுத்து வாங்கினால்தான் மேலே நகரும். ஏழுமலை சார் என்றுதான் நானும் கூப்பிடுகிறேன். அவர் என்னிடம் கோபமாக இல்லை. ஆனால் நான் நீட்டும் எந்தத் தாளையும் இரண்டு தடவை படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார்.

போன மாதம் மைத்துனன் மகளுக்கு நிச்சயதார்த்தம், மயிலாப்பூரில். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வித்யா என்னை அறிமுகம் செய்து வைத்தாள். "இவர்தான் எங்க வீட்டுக்காரர். ஒரிஜினல்தான், செக் பண்ணிட்டோம்." எங்கள் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். உடனே வித்யா அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, டாக்டர் நடக்கச் சொன்னதிலிருந்து ஆரம்பித்தாள். நான் பந்தி பார்க்கிற சாக்கில் நழுவிவிட்டேன். அரை மணி கழித்து அவரிடம் தாம்பூலப் பையை நீட்டினேன். மிகவும் மரியாதையான மனிதர், ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து என் பேண்ட்டை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.