கம்ப்யூட்டர் வீட்டில் கை நனைத்த விவரம்

திருப்புலி நாடு,
கொல்லிமலை.
16-2-2003

மரியாதைக்குரிய மச்சான் அர்த்தனாரி அவர்களின் சமூகத்துக்கு, மலைமேலிருந்து உங்கள் தங்கச்சி புருஷன் குப்புசாமி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் மாடுகளும் மிளகுக் கொடியும் அறப்பளீஸ்வரர் புண்ணியத்தில் சௌக்கியம். உங்கள் தங்கச்சி மாதம்மாளும் சௌக்கியம்தான். நேற்று வரைக்கும் என்னோடு பேச்சு வார்த்தை இல்லாமல் சௌக்கியமாக இருந்தாள், இன்று காலையில் வாயைத் திறந்து காப்பி வேண்டுமா என்று கேட்டுவிட்டாள். பேளுக்குறிச்சியில் நீங்களும் அக்காவும் மிளகுக் கமிஷன் கடையும் குறைவில்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

முதலில் அவசரச் சமாச்சாரம். போன வாரம் நான் போட்ட கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடவும். அதில், முள்ளுக்குறிச்சி சம்பந்தம் முறிந்துவிட்டது, என் மகள் கவிதாவுக்குத் தாய்மாமனாகிய நீங்கள்தான் வேறு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். பார்க்க வேண்டாம். பார்த்திருந்தால் பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள். சந்தை நாளில் நாலு பேரிடம் சொல்லி வைத்து, அதில் எவனாவது சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு பெண் பார்க்கக் கிளம்பியிருந்தால், எப்பாடு பட்டாவது அவனை மலை பஸ்ஸில் ஏறவிடாதீர்கள். சம்பந்தம் முறியவில்லை. முறித்தது நான், ஒட்ட வைத்ததும் நான் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், ஆனால் ஒட்ட வைத்தது வேறு ஆட்கள். எப்படியோ என் வயிற்றில் பால் வார்த்தார்கள். விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

மாதேஸ்வரன் குடும்பம் அவர் தகப்பனார் காலத்தில் மலையை விட்டுக் கீழே இறங்கி முள்ளுக்குறிச்சியில் குடியேறியது, அவர் மகன் இளங்கோ நாமக்கல்லில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கிறான், நல்ல பையன், இதெல்லாம் நீங்கள் விசாரித்துச் சொன்னதுதான். ஒரே குறை, அவர்கள் வீடு. ஓட்டு வீடு, கூரையைத் தாங்குகிற நடுவளை இறங்கி, ஒரு பக்கத்துச் சுவர் பிரசவத்துக்கு இருக்கும் மாடு மாதிரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். என் மகள் அங்கே போய் ஒழுகுகிற தண்ணிக்குப் பாத்திரம் வைத்துக்கொண்டு உட்காருவாளா என்று எனக்குத் தூக்கமில்லை. வீட்டைக் கொஞ்சம் கவனியுங்கள் என்று மாதேஸ்வரனிடம் நாசூக்காகச் சொன்னேன், பையன் பார்த்துக்கொள்வான் என்றார். இது மார்கழியில். தை மாசம் ஒரு நாள் மாதம்மாள் கட்டிக்கொடுத்த சோற்றுப் போசியை எடுத்துக்கொண்டு, கவிதா வேலை செய்கிற செம்மேட்டுக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். போனால் அவளுக்கு முன்னால் கம்ப்யூட்டரில் ஒரு வீட்டுப் படம். மாடி, ஆளுயரக் கண்ணாடி ஜன்னல், முன்னால் புல்தரை, பின்னால் நீலமாக நீச்சல் குளம். இப்போதெல்லாம் வீடு கட்டுகிறவர்களுக்கு இன்ஜினீயர்கள் கம்ப்யூட்டரில் எலிவேஷன் படம் போட்டுக் கொடுக்கிறார்களே, அதே தினுசு. இது யார் வீடு சாமி என்று கேட்டேன். பிள்ளைக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. இளங்கோ பழைய வீட்டைப் புதுசாக்குகிறார், உள்ளே எதை எங்கே வைக்கலாம் என்று என்னைக் கேட்கிறார் என்றாள். நீங்களே சொல்லுங்கள் மச்சான், வெட்கப்படுகிற பிள்ளையிடம் எந்தத் தகப்பன் இதற்கு மேல் கேள்வி கேட்பான்? எனக்கு பஸ் வேறு கிளம்பிக்கொண்டிருந்தது.

பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டேன். என் மாப்பிள்ளை மாடி வீடு கட்டுகிறான், குளத்தோடு கட்டுகிறான் என்று கண்டக்டரிடம் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், மிளகு பறிக்க வந்த ஆட்களிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்தக் குளம் ஊறிக்கொண்டே போய் நாலு பேர் பரிசல் விடலாம் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அந்த வேகத்திலேயே நாள் பார்த்து, வழக்கப்படி மாப்பிள்ளை வீடு பார்த்துவிட்டு வரலாம் என்று ஊர்ப் பெரியவர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எங்கள் பெரியப்பா மகள் பொன்னாயி அக்கா ஒரு மாற்றுப் புடவையும் சோப்பும் எடுத்துக்கொண்டு வந்தது. எதற்கு என்று கேட்டால், குளத்தில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வருகிறேன் என்றது.

முள்ளுக்குறிச்சியில் போய் இறங்கினால் அதே ஓட்டு வீடு. அதே சுவர், வயிறு இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. மாதேஸ்வரன் வாசலில் பந்தல் போட்டுக் கோழி அடித்து இலையும் போட்டு வைத்திருந்தார். மாடிப்படி எங்கே என்று கேட்டேன். தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். குளம் எங்கே என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, எருமைக்குத் தண்ணி காட்டுகிற தொட்டியைக் காட்டினார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. ஊரெல்லாம் சொல்லி வைத்த மானம் போகிறதே என்கிற கோபம் என்று இப்போது தெரிகிறது. படத்தைக் காட்டி என் மகளை ஏமாற்றப் பார்க்கிறீர்களா என்று குதியாய்க் குதித்தேன். அவருக்கு எந்தப் படமும் தெரியாது, மகனோ நாமக்கல்லில் வேலையில் இருக்கிறான். சம்பந்தி வசதியான இடம் தேடுகிறார் போலிருக்கிறது என்று அவராக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். "ஊடு பழசுதானுங்க. நாங்க மறைச்சோமுங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

வீடு பார்க்கப் போன இடத்தில் இலையில் கை நனைத்தால் சம்மதம், நனைக்காமல் எழுந்தால் முறிந்தது. உங்களுக்குத் தெரியாததா. நான் எழுந்தேன். நான் எழுந்ததால் கூட வந்தவர்களும் எழுந்தாக வேண்டும், எழுந்தார்கள், ஆனால் ஒருத்தர் முகத்திலும் சந்தோஷமில்லை. ஜீப் மலை ஏறி முடிகிற வரைக்கும் பொன்னாயி அக்கா அந்தக் கோழிக்குழம்பின் வாசத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து சூடு ஆறுவதற்குள் உங்களுக்கு அந்தப் பாழாய்ப்போன கடிதத்தை எழுதி, கையோடு தபாலிலும் சேர்த்துவிட்டேன்.

சாயங்காலம் கவிதா வந்தாள். பஸ்ஸிலேயே விஷயம் தெரிந்துவிட்டிருக்கிறது. சத்தம் போடுவாள் என்று தயாராக இருந்தேன், போடவில்லை. மெதுவாக, "அப்பா, அது வெளையாட்டுங்கப்பா" என்றாள். அப்புறம்தான் விவரம் வெளியே வந்தது. கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு இருக்கிறதாம். அதில் பொம்மை மனிதர்கள் நம்மைப் போலவே சோறு ஆக்கி, சாப்பிட்டு, வேலைக்குப் போய், தூங்கிப் பிழைக்கிறார்கள். அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பது விளையாடுகிறவர் பாடு. இன்டர்நெட்டில் ஊர் ஊராக, தேசம் தேசமாகச் சில பேர் சேர்ந்து ஒரு சிநேகப் பந்தயம் வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பாழடைந்த வீட்டைக் கொடுத்துவிடுவார்கள். அவரவர் அதை இடித்துக் கட்டி, சாமான் போட்டு, பொம்மைகளைக் குடிவைத்துப் படம் பிடித்துக் காட்ட வேண்டும். எது நல்ல வீடு என்று அவர்களே ஓட்டுப் போட்டுக்கொள்வார்கள். இளங்கோவும் கவிதாவும் ஒரு ஜோடியாகச் சேர்ந்திருக்கிறார்கள், சுவர் அவன், உள்ளலங்காரம் இவள். பரிசு என்ன என்று கேட்டேன். பரிசே கிடையாதாம். ஒரு எவர்சில்வர் குடம்கூடக் கிடையாதாம். பிறகு எதற்குப் பந்தயம் என்று கேட்டதற்கு, சும்மா சந்தோஷத்துக்கு என்றாள். சொல்லிவிட்டு, "எனக்கு அந்த ஓட்டூடே போதுமுங்கப்பா" என்றவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை. அவள் அழுததை நான் பார்த்து எத்தனையோ வருஷமாகிறது மச்சான். அன்றைக்குத்தான் உங்கள் தங்கச்சியும் வாயை மூடியது.

மன்னிப்புக் கேட்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். கை நனைக்காமல் எழுந்து வந்த வீட்டில் அதே ஆட்கள் மறுபடி போய் உட்கார்ந்தால் ஊர் சிரிக்கும். வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனால் மாதேஸ்வரன் மதிக்க மாட்டார். இப்படியும் போக முடியாமல் அப்படியும் போக முடியாமல் ரெண்டு நாள் மிளகுக் களத்தையே சுற்றிச் சுற்றி வந்தேன். பொன்னாயி அக்காதான் கூப்பிட்டு வழி சொன்னது. "நாம பாக்கப் போனது அந்த மாடியூட்டத்தானே குப்பு. அதைத்தான் இன்னும் பாக்கவே இல்லியே. பாக்காத ஊட்டை வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டது. கூட வந்திருந்த பெரியவர்கள் எல்லோரும் யோசித்துப் பார்த்தார்கள். நியாயமாகத்தான் பட்டது. கோழிக்குழம்புக்கும் அந்த நியாயத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம், அதை நான் கிளறவில்லை.

இளங்கோவுக்குப் போன் போட்டேன். திட்டுவான் என்று நினைத்தேன். வாங்க மாமா, நானே காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னான். கடை முதலாளியிடம் கேட்டு ஒரு கம்ப்யூட்டரை வேனில் கொண்டுவந்து, அந்த ஓட்டு வீட்டு முன்னறையில் முக்காலி மேல் வைத்துவிட்டான். நாங்கள் போய் இறங்கியபோது மாதேஸ்வரன் மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். கையெடுத்துக் கும்பிட்டேன், திரும்பவில்லை. சரியென்று பெரியவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து முறைப்படி வீடு பார்க்க ஆரம்பித்தார்கள். முதல் கேள்வியே கூரை எங்கே என்பதுதான். உள்ளே தெரிவதற்காகக் கூரையைக் கழற்றி வைத்திருக்கிறேன் என்றான் இளங்கோ. மழை வந்தால் என்று கேட்டார்கள். பட்டனை அமுக்கிக் கூரையை மாட்டிக் காட்டின பிறகுதான் மேலே போகவிட்டார்கள். அதற்குள் பொம்மைப் பெண் அடுப்பைப் பற்றவைத்து, அடுப்பு குபீரென்று எரிய, அவள் அணைக்காமல் கையை ஆட்டிக்கொண்டு நின்றாள். சமைக்கத் தெரியாத பிள்ளையை எவன் கட்டிக்கொண்டு வந்தான் என்று பொன்னாயி அக்கா கேட்டது. அடுத்து, வீட்டுக்குள் கக்கூஸ் ஆகாது, வெளியே தள்ளு என்று உத்தரவு. தோட்டத்துக் கடைசியில் கொண்டுபோய் வைத்தான். பொம்மை ஆள் பாதி வழியிலேயே நனைத்துக்கொண்டு நின்றான். அவன் நடக்கச் சோம்பேறி, இடத்தில் தப்பில்லை என்று தீர்ப்பானது. குளத்தை மூடி மிளகு காயவைக்கக் களம் போடச் சொன்னார்கள். மாட்டுக் கொட்டகை கேட்டார்கள். அந்த விளையாட்டில் மாடே இல்லையாம். மாடு இல்லாத வீட்டில் பெண்ணைக் கொடுப்பதா என்று முணுமுணுப்புக் கிளம்பியது.

சமையலறையை வடக்கே தள்ளலாம் என்று யாரோ சொன்ன போதுதான் அது நடந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாதேஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை. "வடக்கயா? அடுப்பு அக்கினி மூலையில இருக்கோணும் தம்பி, தென்கிழக்கே நகத்து" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு அவர்தான் எல்லாம். நானும் அவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கதவை அங்கே வை, ஜன்னலை இங்கே வை என்று இளங்கோவைப் பாடாய்ப் படுத்தினோம். கடைசியில் எல்லோருக்கும் திருப்தி. வீடு பிடித்திருக்கிறது என்று பெரியவர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லி, மாதேஸ்வரனோடு வெற்றிலை மாற்றினார்கள். பந்தலில் இலை விழுந்தது. எல்லோருக்கும் முன்னால் நான் கையை நனைத்தேன். எனக்குக் கண்ணில் தண்ணி வந்தது, குழம்பு காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த வீட்டையே இளங்கோ பந்தயத்துக்கும் அனுப்பிவிட்டான். கடைசிக்கு முந்தின இடம். ஜெர்மனிக்கார அம்மாள் ஒருத்தி மட்டும், இவ்வளவு பெரிய முற்றத்தில் என்ன செய்வீர்கள் என்று ஆசையாகக் கேட்டு எழுதியிருக்கிறாள், கவிதா மிளகு காய்வதைப் பற்றி அவளுக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறாள். முதலில் வந்த வீட்டையும் பார்த்தேன். ஒரு படி மிளகு காயப்போட இடமில்லை. யார் ஓட்டுப் போட்டார்களோ தெரியவில்லை.

ஆகவே மச்சான், கல்யாணம் பங்குனியில். தாய்மாமன் சீரோடு முன்னதாகவே வந்து சேரவும். அந்த ஓட்டு வீட்டையும் அவசரமில்லாமல் பிறகு செப்பனிட்டுக்கொள்ளலாம் என்று பேசி முடித்தாகிவிட்டது. இனிமேல் என் வாயில் வீடு என்கிற பேச்சே வராது. கவிதா நன்றாகச் சாப்பிடுகிறாள். எனக்கும் தூக்கம் வருகிறது. அக்காவுக்கு என் கும்பிடும், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியும், கடைத் தராசுக்கு நல்ல எடையும் சேரட்டும்.

இப்படிக்கு,
நிம்மதியாக இருக்கும்
குப்புசாமி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது டீக்கடைப் போனில் இளங்கோ கூப்பிட்டான். மாதேஸ்வரன் இன்று காலையில் ஆள் விட்டு அந்த வீட்டு ஓடுகளையெல்லாம் இறக்கி, சுவரையும் இடித்துவிட்டாராம். பெரியவர்கள் எந்த வீட்டைப் பார்த்துக் கை நனைத்தார்களோ அந்த வீட்டைத்தான் கொடுக்க வேண்டும், பேச்சு மாறக் கூடாது என்கிறாராம். கட்டி முடிக்க ஆவணி ஆகும். கல்யாணத்தைத் தள்ள வேண்டாம், அதுவரைக்கும் மகளும் மாப்பிள்ளையும் எங்களோடு இருக்கட்டும் என்று சந்தோஷத்தில் வாயை விட்டுவிட்டேன். மகன் போய் இருக்கப்போகிற வீட்டை நாங்களும் வந்து பார்க்க வேண்டாமா என்று மாதேஸ்வரன் போனை வாங்கிக் கேட்டுவிட்டார். வரும் புதன்கிழமை ஜீப் நிறைய ஆட்களோடு வருகிறார். நம் வீட்டுச் சமையலறைக் கூரையை உங்களுக்குத் தெரியும், மாதம்மாள் எத்தனை வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பதும் தெரியும். இந்தக் கடிதம் கண்டவுடன், ஓடு மாற்றத் தெரிந்த ஆளோடு புறப்பட்டு வரவும்.