நிறுத்திவைக்கும் பொத்தான் இல்லாத பெட்டி

யார் கையில் எந்தப் புது விளையாட்டைக் கண்டாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இதை இடையில் நிறுத்திவைக்கலாமா?" என்பதுதான். இரண்டாவது கேள்வி, "சத்தத்தை அடைக்கலாமா?" இரண்டுக்கும் ஓம் என்று பதில் வந்தால் அது மனிதர் விளையாடத் தகுந்த விளையாட்டு. இல்லையென்று வந்தால், வைத்திருப்பவருக்குக் கல்யாணம் முடிந்துவிட்டதா என்று விசாரிப்பேன். என் வீட்டில் இதைப் பகிடியாக எடுத்துக்கொள்கிறார்கள். நான் பகிடி விடவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. சாய்ந்தமருதில் கணிதம் படிப்பிக்கும் உதவி ஆசிரியர், தலையில் நிறைய முடி, முடிக்குக் கீழே குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றுமில்லை. மருதமுனையில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெயர் ஸுலைஹா. அவளும் ஆசிரியை. ஒரு வருடமாகக் காலையில் ஒரே பஸ்ஸில் போய்வந்திருக்கிறோம். நான் சீட்டில் விட்டுவிட்டு இறங்கிய குடையை ஒருநாள் ஜன்னலால் நீட்டி, "சேர், மழை உங்களுக்கு மட்டும் பெய்யாதா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு நான் ஆறு மாதம் சீவித்தேன். பிறகு உம்மாவிடம் சொல்லி, உம்மா ஆள் அனுப்பி, எல்லாம் சரிவந்து, பெருநாள் முடிந்ததும் நிக்காஹ் என்று முடிவானது. என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டு, கேட்டு, கிடைக்கவிருந்த ஒரே காரியம் அது.

அந்த நேரம் பார்த்து ராத்தாவின், அதாவது என் அக்காவின், மாப்பிள்ளை சவூதியிலிருந்து லீவில் வந்தார். உம்மாவுக்குப் போர்வை, வாப்பாவுக்குத் தைலம், எனக்கு ஒரு சின்னப் பெட்டி. "புதுமாப்பிள்ளைக்குப் பொழுது போகணுமே" என்றார் மச்சான். (போனது பொழுது மட்டுமல்ல.)

உள்ளங்கை அளவான பெட்டி. நடுவில் ஒரு கண்ணாடி. அதற்குள் ஒரு மரம், மரத்துக்குக் கீழே கூடையோடு ஒரு கறுப்பு மனிதன். மரத்திலிருந்து பழம் விழும். இடது பொத்தானை அழுத்தினால் மனிதன் இடப்பக்கம் போவான், வலது பொத்தானுக்கு வலப்பக்கம். பழத்தைக் கூடையில் பிடித்தால் ஒரு புள்ளி. மூன்று பழம் நிலத்தில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அது என்ன பழமென்று பெட்டியில் எழுதியிருக்கவில்லை. எங்கள் வீட்டில் அது மாங்காய் என்று ஏகமனதாக முடிவானது.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் முதல் அரைமணித்தியாலம் அப்படித்தான் கேட்டேன். அடுத்த மூன்று கிழமை எதையும் கேட்கவில்லை.

பிற்பாடு நிறைய யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெட்டியின் ருசி அதன் நியாயத்தில் இருந்தது. பஸ் ஏன் வரவில்லை, இடமாற்றம் ஏன் கிடைக்கவில்லை, கரண்ட் ஏன் போனது என்று அந்தக் காலத்தில் எவரிடமும் கேட்க முடியாது, கேட்டாலும் பதில் கிடையாது. இந்தப் பெட்டியில் மட்டும் மாங்காய் விழுந்தால் பிழை என் பெருவிரலுடையது. வேறு யாரையும் குறைசொல்ல வழியில்லை. அதோடு தோற்ற மறு நொடியே அடுத்த ஆட்டம் தயாராக இருக்கும், பழைய தோல்வியை யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு மன்னிப்பை வேறெங்கும் நான் கண்டதில்லை.

எரிச்சலும் அதே பெட்டிக்குள்தான் இருந்தது. வெல்லவே முடியாது. கெட்டித்தனம் கூடக்கூட மாங்காயின் வேகமும் கூடும். அதாவது நன்றாக விளையாடியதற்குத் தண்டனை. (எங்கள் பாடசாலை அதிபரும் இதே முறையில்தான் எங்களுக்கு வேலை பங்கிட்டார்.) நிறுத்திவைக்கப் பொத்தான் கிடையாது. ஒருவர் ஸலாம் சொன்னால் பதில் சொல்வது எனக்குக் கடமை, மாங்காய்க்கு அப்படி ஒரு கடமையும் இல்லை. எல்லாவற்றையும்விட மோசம் சத்தம். மூன்றாவது மாங்காய் விழுந்ததும் ஐந்து குட்டிப் பீப், கடைசியில் ஒரு நீளப் பீப் அடித்து, தோற்றுப்போனேன் என்பதை ஊருக்கே அறிவிக்கும். அதைக் குறைக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். பெட்டியின் பின்புறம், வலப்பக்கத்தில் சத்தம் வரும் துளைகள் இருந்தன. வலக்கை விரலால் அவற்றை அழுத்தி அடைத்தால் வெளியே ஒன்றும் கேட்காது.

றமழான் பிறந்தது. கடைசிப் பத்து நோன்பில் ஒருநாள், நோன்பு திறக்க வரச்சொல்லி ஸுலைஹாவின் வாப்பா ஆதம்பாவா மாமா எனக்கு ஆள் அனுப்பினார். அவர் கைத்தறி வியாபாரி, பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய குரல். பெட்டியையும் கொண்டுபோனேன். ஏனென்று கேட்காதீர்கள். எனக்கு இன்றுவரை பதில் தெரியாது.

மண்டபத்தில் பன்பாய் விரித்து, நடுவில் கூடியுண்ணும் சஹன் தட்டு வைத்து, கஞ்சியும் சம்சாவும் பேரீச்சம்பழமும் பரப்பியிருந்தார்கள். ஆண்கள் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யக் கிணற்றடிக்குப் போயிருந்தார்கள். தனியாக இருந்தேன். நோன்பின் கடைசிக் கால்மணித்தியாலம் எவ்வளவு நீளமென்று பிடித்தவர்களுக்குத் தெரியும். பெட்டியை வெளியே எடுத்தேன். அன்றைக்கென்று விரல் சொன்னபடி கேட்டது. நூறு, இருநூறு, முந்நூறு. என் வாழ்நாள் சாதனை நானூற்றிப் பன்னிரண்டு. நான் முந்நூற்றித் தொண்ணூறில் நிற்கும்போது எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள்.

விட்டிருக்கலாம். மூன்று மாங்காயைத் தரையில் விழவிட்டு, மனிதனாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கலாம். நான் முகம் துடைக்கும் லேஞ்சியை மடியில் விரித்து, அதன் மறைவில் தொடர்ந்து விளையாடினேன்.

அன்று கரண்ட் இல்லை. அதனால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் இல்லை. வெறும் குரலில் சொல்லும் பாங்கு அந்த வீடுவரை வருமோ வராதோ என்று, ஸுலைஹாவின் அண்ணன், அவள் காக்கா என்று கூப்பிடும் ஹனீபா, பற்றரி ரேடியோ ஒன்றை எனக்குப் பின்னால் ஜன்னல் படியில் வைத்திருந்தான். கொழும்பில் நோன்பு திறக்கும் நேரம் எங்களுக்குச் சில நிமிடங்கள் பிந்தியது. ஆகவே ரேடியோவில் நேரத்துக்கான பீப் (அதுவும் ஐந்து குட்டி, ஒரு நீளம்தான்) அடித்துவிட்டால் எங்களுக்கு எப்போதோ நேரமாகிவிட்டது என்று அர்த்தம், பயமில்லாமல் திறக்கலாம். சுவர் மணிக்கூடு ஒன்றும் இருந்தது. அது பிந்தி ஓடும் மணிக்கூடு என்பதால் அந்த வீட்டில் அதை ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நானூற்றி ஐந்து. நானூற்றி எட்டு.

"மருமகன், என்ன தலையக் குனிஞ்சிக்கிட்டு? வெக்கமா? இந்தாங்க, முதல் பழம் உங்களுக்கு" என்று ஆதம்பாவா மாமா பேரீச்சம்பழத் தட்டை நீட்டினார்.

வருங்கால மாமனார் தருவதை இடக்கையால் வாங்க முடியுமா? வலக்கையை எடுத்தேன். துளை திறந்தது. வலப்பக்கம் மாங்காய் மளமளவென்று விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

பீப், பீப், பீப், பீப், பீப், பீஈஈப்.

"ஆ, அடிச்சிட்டான்! பிஸ்மில்லாஹ்!" என்று மாமா பழத்தை வாயில் போட்டார். அவருக்குப் பிறகு யார் காத்திருப்பார்கள்? பதினொரு பேரும் திறந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் பெண்களிடமும் தகவல் போய், அங்கேயும் கோப்பைகள் கிணுகிணுத்தன.

மாமாவின் கை தட்டிலிருந்து வாய்க்குப் போக ஒரு விநாடி எடுத்திருக்கும். அந்த விநாடியில் நான் செய்ய வேண்டியிருந்தது "நில்லுங்க மாமா" என்று இரண்டு சொல் சொல்வது. எனக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் பேரீச்சம்பழத்தைப் போட்டு மூடினேன்.

கஞ்சி பாதி முடிந்திருந்தபோது, தூரத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரின் வெறுங்குரல் மெல்லக் கேட்டது. அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர்.

ஒருவர் வாயில் சம்சாவோடு அப்படியே இருந்தார்.

"எவன்டா ரேடியோவத் திருகினது?" மாமாவின் குரலில் ஜன்னல் அதிர்ந்தது.

"நான் தொடவே இல்ல வாப்பா. வல்லாஹி" என்றான் ஹனீபா.

"அப்ப வானத்தில இருந்து மலக்கு வந்து திருகினதா? வேற ஸ்டேசன் பிடிச்சி வெச்சிட்டு, நோன்போட பொய்ச் சத்தியமும் பண்றியா?"

"நோன்பு எங்க வாப்பா இப்ப இரிக்கி?"

அவன் பகிடியாகச் சொல்லவில்லை, பதறிப்போய்ச் சொன்னான். மாமா எழும்பிப்போய் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், ஒரு பிள்ளைக்கு வாப்பா, வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளைக்கு முன்னால் அறை வாங்கிக்கொண்டு நின்றான். நான் பெட்டியைச் சட்டைப்பைக்குள் தள்ளிவிட்டு, வாயிலிருந்த கொட்டையை எங்கே துப்புவதென்று தேடிக்கொண்டிருந்தேன்.

மஃரிப் தொழ அணிவகுத்தோம். மாமா முன்னால் நின்று தொழுவித்தார். ஹனீபா எனக்கு வலப்பக்கம். கடைசி ரக்அத்தில் ஸுஜூதுக்குக் குனிந்தேன். சட்டைப்பையிலிருந்து பெட்டி நழுவி, ஓரத்திலிருந்த தொடங்கும் பொத்தான் அழுந்த, கண்ணாடி மேலாகப் பன்பாயில் விழுந்தது.

டிக். டிக். டிக்.

தொழுகையில் பேசக்கூடாது, இடத்தைவிட்டு நகரக்கூடாது. பதினொரு பேர் நெற்றியை நிலத்தில் வைத்தபடி மாங்காய் விழுவதைக் கேட்டார்கள். (அல்லாஹ் மன்னிக்கட்டும், நான் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தேன். கூடைக்காரன் இடப்பக்கம் நின்றான், பழம் வலப்பக்கம் வந்தது. விரல் துடித்தது.) கடைசி இருப்பில் உட்கார்ந்திருக்கும்போது மூன்றாவதும் விழுந்தது. ஐந்து குட்டிப் பீப், ஒரு நீளப் பீப். மாமா வலப்பக்கம் ஸலாம் கொடுத்தார். நானும் திரும்பினேன். ஹனீபாவின் கன்னத்தில் மூன்று விரல் பதிந்திருந்தது.

அடி விழுமென்றுதான் நினைத்தேன். மாமா திரும்பி உட்கார்ந்து, பெட்டியைக் கையில் எடுத்து, அப்படியும் இப்படியும் புரட்டிப் பார்த்தார். அவர் தொப்பை குலுங்கத் தொடங்கியது. பிறகு தொப்பி கழன்று விழும்வரை சிரித்தார்.

"யா அல்லாஹ்! இந்தக் கறுமம் புடிச்ச சாமான் எங்க எல்லாரையும் ஏமாத்திட்டுதே! சரி உடுங்க, ஒரு நோன்புதானே, பிறகொரு நாள் பிடிச்சிக் களாச் செய்வம். ஹனீபா, வாடா இஞ்ச" என்று மகனின் தலையைத் தடவினார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தப்பிவிட்டேன் என்று வழிநெடுக அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டே வீடு வந்தேன்.

மூன்றாம் நாள் ராத்தா மருதமுனைக்குப் போய்வந்தாள். வந்தவள் புர்காவைக்கூடக் கழற்றாமல் என்னை அறைக்குள் கூப்பிட்டாள்.

"அந்தப் புள்ள வேணாமெண்டுட்டா."

"மாமா கோவமா?"

"மாமாவாம் மாமா! அவர் அவக்கிட்டக் கெஞ்சுறார். புள்ளதான் மாட்டன் எண்டு நிக்கிது. திரைக்குப் பின்னால இருந்து உன்னப் பாத்துக்கிட்டு இருந்திரிக்கா. லேஞ்சிக்குள்ள நீ விளையாடினதப் பாத்தவ, அது சத்தம் போட்டதையும் பாத்தவ. சின்னப்புள்ள மாதிரி இரிக்காரே எண்டு சிரிப்பு வந்திச்சாம்."

"பிறகு?"

"பிறகு காக்காக்கு அடி விழக்குள்ள உன்ட மொகத்தப் பாத்தாவாம்." ராத்தா அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னாள். "அவ சொன்னது இதுதான்: இது எண்ட பேர்ல எழுதுற ஊடு ராத்தா, ஒருத்தன் அடி வாங்கக்குள்ள பழம் சப்பிக்கிட்டு இரிக்கிற ஆள அதுக்குள்ள எடுக்க எனக்கு ஏலா எண்டு சொல்லிட்டா."

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். கதவு அவளுடையது. அவள் மூடினாள். நான் வேறு பஸ்ஸில் போகத் தொடங்கினேன்.

உண்மைக் காரணத்தை ராத்தா எங்கள் வீட்டில் சொல்லவில்லை. தம்பியின் மானத்தைக் காக்க, "அந்த மனிசன் நோன்பு முறிஞ்ச கோவத்தில வேணாமெண்டுட்டார்" என்று சொல்லிவைத்தாள். அந்தப் பொய்தான் எங்கள் குடும்பத்தின் பகிடியாகிவிட்டது. இன்றைக்கும் நோன்பு வந்தால் யாராவது கேட்பார்கள். அங்கே இல்லாத என் மனைவிதான் அதை எல்லோரையும்விட நன்றாகச் சொல்வாள். ஐந்து குட்டிப் பீப்பும் ஒரு நீளப் பீப்பும் வாயாலேயே அடிப்பாள். பிறகு குரலைத் தடிப்பாக்கி, "எழும்பிப் போடா, எண்ட நோன்ப முறிச்ச ஹறாங்குட்டி!" என்று ஆதம்பாவா மாமாவைப் போலக் கத்துவாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "ஒரு பீப்புக்குப் பொண்ணு குடுக்காம உட்ட மனிசன் எப்பிடிப்பட்ட கல்நெஞ்சன்!" என்பாள் மூத்த மருமகள்.

அவர் மவுத்தாகிப் பல வருடங்களாகின்றன. எனக்காகத் தன் மகளிடம் கெஞ்சிய மனிதர். அப்படிச் சொல்லாதீர்கள், அவர் சிரித்தார், மன்னித்தார், என்று சொல்ல எனக்கு ஒரு விநாடி போதும். எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.