பழைய பக்கத்தைத் திரும்ப ஏற்றியது குறித்து மாப்பிள்ளைக்கு

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

கயிற்றுக் கடை மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் அத்தையும், கடையில் இருக்கும் நைலான், சணல், பருத்தி வகையறாக்களும் சௌகரியம். அங்கே தாங்களும், என் மகளும், தங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் பதிலாக யோசிக்கும் அந்த இயந்திரமும் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதை ஏன் மின்னஞ்சலில் அனுப்பாமல் தாளில் எழுதி ஸ்டாம்பு ஒட்டுகிறேன் என்று கேட்பீர்கள். தங்களுக்கு வரும் மின்னஞ்சலைத் தாங்கள் படிக்கும் முன் ஓர் இயந்திரம் படித்து மூன்று வரியாகச் சுருக்கிக் கொடுக்கிறதாம். மகள் பெருமையாகச் சொன்னாள். இந்தக் கடிதத்தை எவரும் சுருக்கக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை மத்தியானத்திலிருந்து நம் கடையின் பெயரை யார் எங்கே தட்டினாலும் தாங்கள் செய்துகொடுத்த புதுத் தளம் வராது. இருபத்தாறு வருஷத்துக்கு முன் நான் என் கையால் அடித்த பழைய பக்கம்தான் வரும். செய்தது நான். கை தவறிச் செய்யவில்லை, தெரிந்தே செய்தேன். தாங்கள் மறுபடி மாற்றினால் நானும் மறுபடி மாற்றுவேன்.

அந்தப் பக்கத்தின் பூர்வோத்தரம் தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அப்போது தாங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். இணையம் அந்நாளில் டெலிபோன் கம்பி வழியாக வந்தது. பூனை வாலை மிதித்ததுபோல் ஒரு நிமிஷம் கத்திவிட்டுத்தான் உள்ளே விடும். அது உள்ளே இருக்கும்வரை வெளியிலிருந்து யாரும் கடைக்குப் போன் பண்ண முடியாது; உங்கள் அத்தை ஒருமுறை வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து போன் போட்டுப் போட்டுப் பார்த்து, கடைசியில் நடந்தே கடைக்கு வந்து ஒயரைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள். அப்படிப்பட்ட காலத்தில், தெருமுனைக் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்து வாத்தியாருக்கு இரண்டு சுருள் கொடிக்கயிறு கொடுத்துப் பக்கம் எழுதக் கற்றுக்கொண்டேன். பதினொரு ஞாயிற்றுக்கிழமை, ஒற்றை விரல். சாம்பல் நிறம், படம் கிடையாது, நடுவில் ஒரே ஓர் அட்டவணை: எந்தக் கயிறு, எத்தனை மில்லிமீட்டர், எத்தனை கிலோ. அதை வைத்திருந்த கம்ப்யூட்டரும் வேறெங்கோ இல்லை, என் கல்லாப்பெட்டிக்குக் கீழேயே, தார்ப்பாய்க் கட்டுகளுக்கு நடுவில் உறுமிக்கொண்டிருந்தது. யாராவது எங்கிருந்தோ பக்கத்தைத் திறந்தால் அதன் சிவப்பு விளக்கு மினுங்கும். முதல் மாசம் அது மினுங்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன், வாடிக்கையாளர் வந்தால் உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லையே.

இணையம் எப்படி வேலை செய்கிறது என்பது மாமாவுக்குப் புரியாது என்று தாங்கள் என் மகளிடம் சொன்னதாகக் கேள்வி. சொல்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். அனுப்ப வேண்டியதைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் போய்ச் சேரவேண்டிய முகவரியை ஒட்டுகிறார்கள். வழியில் நிற்பவன் எவனுக்கும் முழுப் பாதை தெரியாது. பக்கத்துக் கைக்குத் தள்ளிவிடத் தெரியும், அவ்வளவுதான். ஒன்று இந்த வழியாகப் போகும், ஒன்று அந்த வழியாகப் போகும், ஒன்று தொலையும். தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கி, அங்கே வரிசைப்படுத்தி ஒட்டிக்கொள்கிறார்கள். லாரியில் சரக்கு அனுப்புகிற எவனுக்கும் இது புரியும். துண்டு போட்டால் கெட்டுப்போகிற சரக்கு உலகத்தில் கயிறு ஒன்றுதான், அதை நான் விற்கிறேன். இதற்குமேல் வலையைக் கட்டினவர்கள் இன்னொரு காரியம் செய்தார்கள்: யார் வேண்டுமானாலும் யார் பக்கத்தையும் கைகாட்டலாம், அனுமதி கேட்க வேண்டாம், சுங்கம் கட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதனால் என்னை யாரென்றே தெரியாத தீயணைப்புப் பயிற்சிப் பள்ளி, மலையேறுகிறவர்கள் சங்கம், கிணறு ஆழப்படுத்துகிறவர்கள், ஒரு சர்க்கஸ் கம்பெனி என்று நாற்பத்தொரு பேர் "கயிறு பற்றித் தெரிய வேண்டுமா, அங்கே போய்ப் பார்" என்று நம் அட்டவணையைக் கைகாட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு எழுதிச் சொன்னவர்கள் மட்டும் நாற்பத்தொன்று. நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

இப்போது திங்கட்கிழமைக்கு வாருங்கள். பல் டாக்டரின் நாற்காலியில் வாயில் பஞ்சோடு படுத்திருக்கிறேன். போனில் தாங்கள், "மாமா, புது சைட்டைப் போட்டுடலாமா?" என்று கேட்டீர்கள். பஞ்சு வைத்த வாயால் "ம்" என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்? அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் ஏற்றிவிட்டீர்கள். வந்து பார்த்தால், ஒரு பெண் நம் கயிற்றைத் தோளில் துண்டுபோலப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். கயிற்றைத் தூக்கி ஒரு நாளாவது வேலை செய்தவள் அப்படிச் சிரிக்க மாட்டாள். கீழே மூலையில் ஓர் உருண்டை முகம், "நான் உங்கள் கயிற்று நண்பன், என்னிடம் கேளுங்கள்" என்று எட்டிப் பார்க்கிறது. என் அட்டவணை எங்கே என்று பழைய முகவரியைத் தட்டினால் "பக்கம் கிடைக்கவில்லை" என்று ஓர் அழுகிற நாய்க்குட்டி. அந்த நாற்பத்தொரு பேரும் கைகாட்டிய திசையில் போனவன் எல்லாம் அந்தக் குட்டியின் மேல்தான் விழுந்திருப்பான். கடைக்கு வெள்ளையடிக்கலாம் மாப்பிள்ளை, வாசலை எடுத்துக்கொண்டுபோய் வேறு தெருவில் வைக்கலாமா?

இதையும் பல்லைக் கடித்துக்கொண்டு (கடிக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார்) பொறுத்திருப்பேன். செவ்வாய்க்கிழமை வவ்வால் வந்தான். உயரமான கட்டடங்களுக்குத் தொங்கியபடி பெயிண்ட் அடிக்கிறவன், பதினைந்து வருஷப் பழக்கம், அவன் சம்சாரம்கூட அவனை அப்படித்தான் கூப்பிடும்.

"அண்ணே, பன்னெண்டு மில்லி நைலான் நூறு மீட்டர் போடுங்க."

"எதுக்குடா?"

"தொங்குபலகைக்கு. மூணு ஆளு, பெயிண்ட் டின்னு, தண்ணி அடிக்கிற மோட்டாரு, எல்லாம் சேர்த்து எழுநூறு கிலோ வரும்."

"எழுநூறா? அது தாங்காதுடா."

"என்னண்ணே, ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் தாங்கும்னு உங்க ஆளே சொன்னாரே."

"எந்த ஆளு?"

"மூலைல உருண்டையா இருப்பாரே, அவருதான். ரொம்ப மரியாதையா பேசினாரு. உங்களை மாதிரி இல்ல."

போனைக் காட்டினான். "உங்கள் தேவைக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் மிகச் சிறந்த தேர்வு" என்று பூச்செண்டு படம் வேறு போட்டிருந்தது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் என்பது கயிறு அறுகிற எடை. மனிதன் தொங்க வேண்டுமென்றால் அதில் பத்தில் ஒரு பங்குதான் கணக்கு. வெயில், முடிச்சு, சுவர் விளிம்பில் உரசல் எல்லாம் மீதி ஒன்பது பங்கைத் தின்றுவிடும். இதை நான் என் கடையில் கயிறு வாங்கும் ஒவ்வொருத்தனுக்கும் அளந்துகொண்டே சொல்வேன், சொல்லாமல் வெட்டிக் கொடுத்ததே இல்லை. அன்றைக்கு அவன் நேரே வேறு கடையில் வாங்கிக்கொண்டு ஏறியிருந்தால் மூன்று வீட்டுக்கு நான் போய் நின்றிருக்க வேண்டும். எந்த முகத்தோடு போவேன், உருண்டை முகத்தோடா?

உடனே கடைச் சுவரில் இருந்த இணையப் பெட்டியில் கை வைத்து, வந்த ஒயர் அத்தனையும் பிடுங்கினேன். என் காலத்தில் கடைக் கம்பியைப் பிடுங்கினால் கடைப் பக்கம் அணையும். ஆனால் அந்தப் பெட்டியிலிருந்துதான் தெரு முழுக்கக் கிளை போகிறதாம். சுவரில் இடம் கொடுத்ததற்காக எனக்கு இலவச இணைப்பு என்று கேபிள்காரர் சொன்னபோது அதன் பொருள் எனக்குத் தெரியவில்லை. ஐந்து நிமிஷத்தில் ரத்தப் பரிசோதனைக்காரர் கையில் ஊசியோடு வந்தார், சலூன்காரர் பாதி மழித்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார், அச்சகத்து அம்மா அட்டைக் கட்டோடு வந்தார். தெரு மொத்தமும் செத்துக் கிடக்க, வவ்வாலின் போனில் தங்கள் உருண்டை மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணே," என்றார் அச்சகத்து அம்மா, "உங்க கடை இப்ப உங்க கடையில இல்ல. எங்கயோ குளிர்பதனம் பண்ணின கொட்டகையில, வேற யாரோ மெஷின்ல இருக்கு. ஒயரைக் குடுங்க, எனக்கு வேலை கிடக்கு."

கொடுத்தேன். ஆனால் அவர் சொன்னதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். இயந்திரம் யாருடையதாக இருந்தால் என்ன, பெயர் என்னுடையது. கடைப் பெயரை வருஷா வருஷம் புதுப்பிக்கிறவன் நான். அந்தப் பெயரைத் தட்டுகிறவனை எந்த இயந்திரத்தின் எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்கிற உரிமை எனக்குத்தான். பக்கத்தைத் தங்கள் பொறுப்பில் விட்டபோது பரணில் ஏற்றிய பழைய கம்ப்யூட்டரைப் புதன் காலையில் இறக்கித் தார்ப்பாயைப் பிரித்தேன். மூன்றாம் முறை உறுமியது. கேபிள்காரரிடம் மாறாத எண் ஒன்று கேட்டு வாங்கினேன். பெயர்ப்பதிவு அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நான்தான் உரிமையாளர் என்று உறுதிப்படுத்த அந்தப் பெண், நான் என்றோ எழுதிக் கொடுத்த ரகசியக் கேள்வியைக் கேட்டாள்: "உங்களுக்கு மிகவும் பிடித்த உறவினர் யார்?" பதிலை இங்கே எழுத முடியாது. தாங்கள் இல்லை என்பதுவரை சொல்லலாம். பெயர்ப்பலகையைத் திருப்பி வைத்தாயிற்று. உலகமெங்கும் பழைய எண்ணைக் குறித்து வைத்திருப்பவர்கள் அழித்து எழுத மத்தியானம் ஆயிற்று. அதன்பின் தங்கள் தளம் சாலையே போகாத இடத்தில் நிற்கும் பங்களா.

மகள் போன் பண்ணினாள். "அப்பா, அவரு ஆபீஸ்ல எல்லாருக்கும் எங்க மாமா கடைன்னு காட்டிட்டு இருந்தாரு. பாதியில உங்க சாம்பல் கலரு வந்துடுச்சு. அவரு முகத்தை எங்க வச்சுக்கறது?"

"வழக்கமா வைக்கிற எடத்துலயே வச்சுக்கச் சொல்லும்மா. என் அட்டவணைல கை வைக்க வேண்டாம்னு சொல்லு."

"நீங்க ஒருநாளும் மாற மாட்டீங்களாப்பா?"

"கயிறு மாறட்டும், நானும் மாறுறேன்."

எனவே மாப்பிள்ளை, முடிவாகச் சொல்கிறேன். அந்த அட்டவணையில் ஒரு புள்ளி மாறாது. முகவரி மாறாது. உருண்டை நம் கடைக்குள் நுழையாது. சிரிக்கிற அந்தப் பெண்ணுக்கு என் அனுதாபம். தாங்கள் கோபித்துக்கொண்டு அடுத்த மாசம் வராமல் இருந்தாலும் சரி, பேரப்பிள்ளைகளை மட்டும் அனுப்பிவையுங்கள்.

தங்களுக்கு நீண்ட ஆயுளும், என் மகளுக்குப் பொறுமையும், தங்கள் தொழிலுக்கு என்னைப்போல் அல்லாத வாடிக்கையாளர்களும் அமைய வேண்டுகிறேன். உங்கள் அத்தை கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். இந்தக் கடிதத்தை அவள் படிக்கவில்லை.

என்றும் மாறாத,
மாமனார்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் வவ்வால் தடித்த கயிறு வாங்க வந்தான். பக்கம் திரும்பி வந்ததைக் காட்டினேன். விரல் வைத்து மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, "அண்ணே, அந்தப் பத்துல ஒரு பங்கு எங்க போட்டிருக்கு?" என்றான். இரண்டு முறை தேடினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் முறையும் தேடினேன். இல்லை. அறுகிற எடையை மட்டும் எழுதியிருக்கிறேன். எனக்கு முன்னால் நின்றவனுக்கெல்லாம் வாயால் சொன்னேன்; முன்னால் நிற்காதவனுக்காகத்தான் பக்கம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. தங்கள் உருண்டை பொய் சொல்லவில்லை, நான் எழுதியதைப் படித்து அப்படியே சொன்னது. அந்த வரியை இப்போது சேர்த்துவிட்டேன், சிவப்பில், கடைப் பெயருக்கும் மேலே. ஆனால் இருபத்தாறு வருஷமாக அட்டவணையைப் பிரதி எடுத்து எங்கெங்கோ ஒட்டிக்கொண்டவர்களை நான் எப்படித் திரும்பக் கூப்பிடுவேன்? வலையில் விட்டதைத் திருப்பி இழுக்க என்னிடம் கயிறு இல்லை. அது எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தேட உருண்டைக்குத் தெரியுமாமே. ஞாயிற்றுக்கிழமை அதையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மறுக்க வேண்டாம். நோட்டில் உள்ளவர்களுக்கு நானே போன் பண்ணிக்கொண்டிருக்கிறேன். தீயணைப்புப் பள்ளிக்காரர், "அது எங்களுக்குத் தெரியும் பெரியவரே, முதல் நாளே திருத்திக்கிட்டோம்" என்றார், சிரிக்காமல். பதினேழு பேர் போனை எடுத்துவிட்டார்கள். சர்க்கஸ்காரர்கள் இன்னும் எடுக்கவில்லை.